வெடியுப்புத் தண்ணி

ஆனி 14, வியாழன்.

இன்னைக்கு நடந்ததை எழுதாம எனக்குத் தூக்கம் வராது.

காலையில நாத்தங்காலுக்குப் போய்ப் பார்த்தா காபி நாத்தெல்லாம் தலை தொங்கிக் கிடந்துச்சு. மண்ணு மட்டும் சொதசொதன்னு ஈரம். சீக்கிரம் வளரட்டும்னு எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டரய்யா நேத்து வெடியுப்பு உரத்தை வழக்கத்தைவிட ரெண்டு பங்காக் கரைச்சு ஊத்தச் சொல்லியிருந்தார். வாட்டத்தைப் பார்த்ததும், "உரம் பத்தலை வள்ளி, இன்னொரு வாளி கரை" என்றார்.

எனக்குக் கை வரலை. எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டா சாறெல்லாம் வெளிய வந்து தோல் சுருங்கிப் போகுதே. வேரோட தோலும் அப்படித்தானே இருக்கணும்? வெளிய உப்பு மிஞ்சினா உள்ள இருக்கிற தண்ணியை இழுத்துக்கும்.

"ஏனுங்க, செடி மண்ணைக் குடிக்கலீங்க. மண்ணுதானுங்க செடியைக் குடிக்குது. வெறுந்தண்ணி ஊத்தி உப்பைக் கழுவிடலாமுங்க."

"பட்டுப்போச்சுன்னா தொரைகிட்ட நீதான் பதில் சொல்லோணும்."

"சொல்றேனுங்க."

ஆறு பொம்பளைங்க மதியம் வரைக்கும் ஓடையிலிருந்து குடம் குடமாச் சுமந்து ஊத்தினோம். தோள் இன்னும் நொம்ப வலிக்குது. பொழுது சாயறதுக்குள்ள பாதிக்கு மேல நிமிர்ந்துடுச்சு. தொரை வந்து பார்த்து ரைட்டரய்யாவை மெச்சிட்டுப் போனார். இவரும் கும்பிட்டு அதை வாங்கிக்கிட்டார். போகட்டும்.

ஆனா நான் கிளம்பறப்ப, மிச்சமிருந்த உப்புத்தண்ணி வாளியில ஒரு விரலை விட்டு நாக்குல வெச்சுப் பார்த்தார். மூஞ்சி கோணிப்போச்சு. அப்புறம் மெதுவா, "வள்ளி, இதைக் கொட்டிடட்டுமா?" என்றார்.

ரைட்டரய்யா, என்கிட்ட கேட்டார்.