இறுக்கிக் கட்டிய செடி

மார்ச் 3, திங்கள்

இன்றும் ஒரு செடி செத்தது. மீன் தொட்டியில் மாப்பிள்ளை நட்டதில் இது நாலாவது. தண்டு அழுகி, கொழகொழவென்று கையோடு வந்தது.

"தண்ணி சரியில்ல, மாமா" என்கிறார். தண்ணீர் என்ன பாவம் செய்தது! தொட்டி என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. அவர் நடுவதைப் பார்த்துக்கொண்டுதானே கிடக்கிறேன். ஆணி அடிப்பதுபோல் கூழாங்கல்லுக்குள் அமுக்குகிறார்.

"கடைசியா ஒண்ணு வாங்கறேன். அதுவும் போச்சுன்னா பிளாஸ்டிக் செடிதான்" என்று என் மகளிடம் சொன்னார். தினம் காலையில் நான் பிளாஸ்டிக் முகத்தில் விழிக்க வேண்டுமாம்.

மார்ச் 8, சனி

புதுச் செடி வந்தது. கூட வந்த காகிதத்தை மாப்பிள்ளை பிரிக்காமலே குப்பையில் போட்டார். எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு வரி, ஒரு மணி நேரம். ஆனால் யாரையும் கேட்காமல், முழுசாக! எழுத்தே தெரியாத போன வருடம் என்றால் இதில் மூக்குக் கண்ணாடி துடைத்திருப்பேன்.

இஞ்சிபோல் படுத்திருக்கும் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். கல்லில் கட்டினால் வேர் தானே பிடித்துக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது. அவரிடம் நீட்டினேன்.

"நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள செடி காஞ்சிடும், மாமா."

சொல்லிவிட்டுப் புதைத்தார். பெரிய படிப்பு!

மார்ச் 9, ஞாயிறு

அவர் குளிக்கப் போனதும் தோண்டி எடுத்துக் கல்லில் கட்டிவிட்டேன். நாற்பது வருடம் லாரியில் சரக்கு கட்டிய கை. எந்தப் பள்ளத்திலும் ஒரு மூட்டை சரிந்ததில்லை. நைலான் நூல், பல்லைக் கடித்து ஓர் இழுப்பு. அசையட்டும், பார்ப்போம்!

மார்ச் 14, வெள்ளி

ஐயோ. தண்டு இரண்டாக அறுந்து கிடக்கிறது. நூல்தான். இல்லை, நான்தான். இஞ்சித் துண்டைச் சிமெண்டு மூட்டைன்னு நெனச்சியாடா, கெழவா?

மாப்பிள்ளை திட்டவில்லை. சிரித்தார். பிளாஸ்டிக் செடி வாங்க நாளைக்கே கடைக்குப் போகிறாராம்.

மார்ச் 15, சனி

காகிதத்துக்குப் பின்பக்கமும் இருக்கிறது! அவரைச் சொன்னேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்? நாலைந்து இலையோடு தண்டைத் துண்டு போட்டால் ஒவ்வொன்றும் தனிச் செடியாகுமாம். அறுந்த இரண்டிலும் இலை இருக்கிறது.

"ஒரு மூணு வாரம் பொறுங்களேன்" என்று மகள் அவரை நிறுத்தினாள். பிறகு தையல் நூலை என் கையில் வைத்து, "அப்பா, இது லாரி இல்ல" என்றாள். இரண்டு கல்லில் இரண்டு துண்டு. இழுக்கவில்லை, சுற்றினேன், அவ்வளவுதான். கை கேட்க மாட்டேன் என்றது.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டிலும் புது இலை. சுருண்டு, வெளிர்ப்பச்சையாக. ஒன்றில் வேர் கல்லைக் கவ்விவிட்டது.

மாப்பிள்ளை வெகுநேரம் குனிந்து பார்த்தார். கடை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"ஆபீஸ்ல ஒருத்தர் இதே மாதிரி நட்டு நட்டுச் சாகடிக்கறாரு, மாமா. எப்படி வெட்டறது, எப்படிக் கட்டறதுன்னு எழுதிக் குடுங்களேன்."

"மூணு நாளாகும்."

"ஆகட்டும்."

கோடு போட்ட தாள் வேண்டும் என்றேன். இருந்த இடத்தைவிட்டு அசையாத மனுஷர், தானே எழுந்துபோய்க் கொண்டுவந்தார். பேனாவும்.