குரங்கணியில் நீ எடுத்த படம்

நேற்று என் முதுகைப் பார்த்தேன்.

தங்கை மகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியை என் கண்ணருகே நீட்டினாள். "பெரியம்மா, நம்ம குரங்கணியப் பாருங்க. லண்டன்ல இருந்த ஒரு தமிழ்ப் பொம்பள அந்தக் காலத்துலயே எடுத்த படமாம். பொண்ணும் பொண்ணும் பிரியப்படுறதப் பத்தி. இப்ப வெளிநாட்டுல தேடிப்பிடிச்சுப் போடுறாங்க."

ஏலச்செடிகளுக்கு நடுவே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி மேட்டில் ஏறிப் போகிறாள். அந்தக் காட்சிக்குப் பின்னணியில் உன் குரல் பேசுகிறது. எப்போதும் லேசாகச் சளி பிடித்தது போலிருக்கும் அதே குரல். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன். இந்த வயதில் அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் மதுரையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் நமக்கு விடுதியில் ஒரே அறை. நீ சிலமலை, நான் போடி. விடுமுறைக்கு ஒரே பஸ்சில் வருவோம். நமக்குள் இருந்ததற்கு நம்மிடம் பெயர் இல்லை. பெயர் இல்லாததாலோ என்னவோ பயமும் இல்லை. பயம் உன் கல்யாணப் பேச்சோடுதான் வந்தது. மாப்பிள்ளைக்கு லண்டனில் வேலை. மணவறையில் உன் மாலையைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்தபோது காதில் சொன்னாய்: "அழுதுறாதடி. நீ அழுதா நான் எந்திரிச்சிருவேன்." நான் அழவில்லை. நீ எழுந்திருக்கவில்லை.

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அவரைப் பிரிந்து, துணி வெளுக்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு திரைப்படப் பட்டறையில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டாய். எண்பதுகளில், ஏலக்காய் பறிக்கும் சமயத்தில், கத்தரித்த தலையும் தோளில் கேமராவுமாக வந்து இறங்கினாய். "ஏலக்காயப் பத்திப் படம்ணே, அங்க உள்ளவங்களுக்குக் காட்ட" என்று எல்லோரிடமும் சொன்னாய். ஊர் நம்பியது. உன் அண்ணனே ஜீப்பு கொடுத்தார்.

நானும் கூட வந்தேன். மலையடிவாரத்துக் குரங்கணி வரை ஜீப்பு, அதற்கு மேல் நடை. செடியடியில் குந்திக் காய் எடுக்கும் பெண்களைப் படம் பிடித்தாய். அவர்கள் சாப்பிடப் போன பிறகுதான் என்னிடம் உண்மையைச் சொன்னாய்.

"இது ஏலக்காய்ப் படம் இல்லடி, நம்ம கத. அங்க நம்மள மாதிரி உள்ளவங்க தாங்களாவே படம் எடுக்குறாங்க. பஞ்சாப்புக்காரி, வங்காளத்துக்காரி எல்லாம் இருக்காங்க. எவ கதையிலயும் இந்த மல இல்ல. நீ நடந்து போயி ஒரு தடவ திரும்பிப் பாரு, போதும்."

"தெரிஞ்சா வேல போயிரும். அம்மாவும் நானும் இந்தத் தெருவுலதான இருக்கணும்?"

கோபப்படுவாய் என்று நினைத்தேன். "மூஞ்சி ஒன்னோடது, தர மாட்டேன்னு சொல்லலாம். முதுகையாச்சும் குடு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

நடந்தேன். பின்னால் கேமரா ஓடும் சத்தம். திரும்பிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடப்பதைப் போல அலுப்பான நடை வேறில்லை. இறங்கும்போது, "எங்கூட வந்துருடி" என்றாய்.

"அங்க வந்து நான் என்னடி செய்ய?"

எனக்கு என் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது, அம்மா வேண்டியிருந்தது. நீயும் வேண்டியிருந்தாய். எல்லாம் ஒரே ஊரில் கிடைக்கவில்லை. அதற்காக நான் உன்னையும் நொந்துகொண்டதில்லை, என்னையும் நொந்துகொண்டதில்லை.

லண்டனில் ஏதோ ஒரு சின்ன அரங்கில் படத்தைக் காட்டினாய். பார்த்த உறவுக்காரர் ஒருவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். உன் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். "அந்தப் படத்துல போறது ஒங்க மகதானத்தே? ஒளிக்காமச் சொல்லுங்க!"

நான் உள்ளே நின்றேன். அம்மாவின் குரல் நடுங்கவில்லை.

"முதுகப் பாத்து ஆளச் சொல்ல நான் என்ன சோசியக்காரியா? எம்மகளுக்கு மச்சுப்படி ஏறுனாலே மூச்சு வாங்கும், அவ எங்கிட்டு மல ஏறுனா? போப்பா, போயி ஒஞ்சோலியப் பாரு."

அவர் போய்விட்டார். உன்னை மட்டும் ஊருக்குள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன் தாய் இறந்ததற்குக்கூட நீ வரவில்லை. அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தடவை எனக்கு வரன் சொல்லிக்கொண்டு வந்தவரிடம், "அவளுக்கு வேணாம்ணே, விட்ருங்க" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு யாரும் வரவில்லை.

சில வருடங்களில் உனக்கு மார்பில் நோய் வந்தது. எனக்கு அது தெரியாது. எதிர்த்த ஏலக்காய்க் கடை பாய் ஒரு காலையில் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "டீச்சரம்மா, வெரசா வாங்க, லண்டன்ல இருந்து போனு."

மறுமுனையில் உன்னோடு கடைசிவரை வாழ்ந்த பெண். எனக்குப் புரிய வேண்டுமென்று இங்கிலீசை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நீ போய்விட்டாய் என்றாள். எனக்குச் சொல்லச் சொல்லியிருந்தாயாம். அவள் அழுதாள். கடை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வெறுமனே 'எஸ், எஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா?" என்றார் பாய்.

"தெரிஞ்சவங்க, பாய். தவறிட்டாங்க."

தெரிஞ்சவங்க. அதற்கு மேல் ஒரு சொல் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் இருந்த உலையை இறக்கிவிட்டு, பெரிய பானையில் தண்ணீர் வைத்தாள்.

"சுட்டதும் தலைக்கு ஊத்திக்க."

"எதுக்கும்மா?"

"சொந்தம் போனா ஊத்தாம இருப்பாகளா?"

எனக்குப் பிறகு அவளும் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அன்று எங்கள் வீட்டில் சமைக்கவில்லை.

அம்மாவும் போய் வெகுகாலமாகிவிட்டது. நீ எனக்கு யார் என்பதை இந்த ஊரில் ஒருத்தி ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் இருக்கிறேன்.