கசடுப் பஞ்சில் உறைந்த தயிர்

மார்கழி 9, செவ்வாய்.

தயிர் உறைந்துவிட்டது! கல்கத்தாக் குளிரில் பத்து நாளாகப் பால் பாலாகவே கிடந்தது.

இரும்பு உலையில் உருகி வழியும் கசடின் மேல் நீராவியைப் பாய்ச்சினால் அது பஞ்சாகப் பறக்கும். நீராவிக் குழாய்களுக்குச் சுற்ற எங்கள் ஆபீஸ் அதைத்தான் விற்கிறது. சூட்டை வெளியே விடாது, தீயும் பிடிக்காது. நேற்று இரவு அதைச் சாக்கில் கட்டிப் பெட்டிக்குள் அடைத்து, வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றிய பானையை நடுவில் வைத்து மூடினேன்.

"கல்லைக் காய்ச்சின பஞ்சுல தயிரா? ஆபீஸ் பைத்தியம் ஆத்துக்கும் வந்தாச்சு" என்று என் மனைவி அலமேலு சிரித்தாள்.

காலையில் தயிரில் கரண்டி நட்டபடி நின்றது. மாலையில் அவள், "கீழாத்து வங்காளி மாமிக்கும் ஒரு பெட்டி பண்ணிக் குடுங்கோ, சொல்லிட்டேன்" என்றாள்.

பஞ்சைத் தொட்ட பத்து விரலும் அரிக்கிறது. அரிக்கட்டும்.