ஒன்றாம் தேதி வேலைக்குப் போகிறேன்

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி.
24.9.1986

அன்புள்ள அத்தானுக்கு,

அக்னஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் என் கவலை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஜெரார்டுக்கு இருமல் விட்டுவிட்டது. பேட்ரிசியாவுக்கு முன்பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டுமாம், என்னைத் தொடவே விடுவதில்லை.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். ஒன்றாம் தேதி முதல் நான் பழைய இன்சூரன்ஸ் ஆபீசுக்கே வேலைக்குப் போகிறேன். "நான் இருக்கும்போது நீ எதுக்கு வேலைக்குப் போகணும்?" என்று நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதுவீர்கள் என்று கேட்காமலே முடிவு செய்துவிட்டேன்.

தலைமைக் கிராணி பரஞ்சோதி முதலில் பிடி கொடுக்கவில்லை. "நீ நல்லா டைப் அடிப்பேன்னு தெரியும்மா. ஆனா இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்தான்லா. ஒரு சோதனை வைப்பேன். சரியா வரலேன்னா என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார். நான் வேலையை விட்ட வருடம்தான் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தது, நினைவிருக்கிறதா? அன்று கற்றதில் பாதி மறந்துவிட்டது. மீதி மாறிவிட்டது.

பக்கத்து வீட்டு ஹமீதா அக்காவின் தம்பி மஜீத், டவுனில் ஒரு கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நான் சாயங்காலங்களில் போய்வந்தேன். என்னைத் தவிர எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள். முதல் நாள் பழைய டைப்ரைட்டர் ஞாபகத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். மஜீத் ஓடிவந்து, "அக்கா, பெலான் பெலான், மெதுவா! கதவைத் தட்டுற மாதிரி தட்டாதீங்க" என்றார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

போன வாரம் ஒரு நீளமான கடிதத்தை அடித்து முடிக்கும் நேரம் கரண்ட் போய்விட்டது. டிஸ்கெட்டில் பதிந்து வைக்கவில்லை. எல்லாம் போயிற்று. படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கடிதத்துக்காக அழவில்லை, அத்தான்.

அன்று காலையில்தான் உங்களோடு வேலை செய்த இஞ்ஞாசிமுத்து அண்ணன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர், நம் வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே, "டெஸ்மண்ட் எங்கேம்மா? கப்பல் யார்டுல ஆள் குறைச்சப்பவே அவனை நிறுத்திட்டாங்களே, இங்கதான் வந்திருப்பான்னு நெனச்சேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கொடுத்த கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். ஓவர்டைம் அதிகம், லீவு கிடைக்காது என்று நீங்கள் எழுதிய கடிதம் அப்போதுதான் வந்து மேசைமேல் கிடந்தது.

கரண்ட் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போய் மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

நேற்று ஆபீசில் சோதனை. பரஞ்சோதி பின்னாலேயே நின்றார். அடித்ததைத் தாளில் எடுப்பது எப்படி என்று மறந்துபோய் விழித்தேன். எப்படியோ ஞாபகம் வந்தது. மெஷின் சத்தத்தோடு தாளைத் தள்ளியதும் எடுத்துப் படித்துவிட்டு, "சரிம்மா, ஒன்னாம் தேதி வந்துரு" என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் வழியில் மாதா கோவிலில் உட்கார்ந்தேன். ஜெபமே வரவில்லை. நீங்கள் இந்த நேரம் எங்கே இருப்பீர்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வேலை போனதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் பழைய யார்டு விலாசமே இருந்தது; இப்போது எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாததால் இதை இஞ்ஞாசிமுத்து அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். எப்படியும் தேடிப்பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வேறு வேலை கிடைத்த பிறகுதான் வீட்டுப் படி ஏறுவேன் என்று இருந்துவிடாதீர்கள். ரயிலோ பஸ்ஸோ, எதில் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள். நானும் பிள்ளைகளும் வந்து நிற்போம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். உங்கள் வழியெல்லாம் மாதா கூட வரட்டும்.

உங்கள்,
அக்னஸ்