மூன்றாவது சரணம்

நாரிச், 1611 அக்டோபர் 4

அன்பு லெட்டிஸ்,

லூட்டையும் தூக்கிக்கொண்டு நீ தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து நாளாகிறது. விருந்தில் நான் சொன்னதற்கா இவ்வளவு கோபம்? துணி வியாபாரி நான். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன். லண்டனிலிருந்து வந்த புதுப் பாட்டு. நீ லூட்டை மீட்டிப் பாடினாய், எதிரே நான் வில்வாத்தியம் இழுத்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "என்னய்யா, உங்க வீட்டம்மா எந்த ஊர்ப் பாஷையில பாடுறாங்க?" என்றான் விருந்துக்கு வந்திருந்த பேக்ரேவ். "வாத்துக்கறிய முழுங்கிட்டுப் பாடும்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதானே? லூட் பாட்டில் வார்த்தைதான் சரக்கு. மெட்டு அதைச் சுற்றும் உறை. சரக்கைக் காட்டாமல் உறையை விற்க முடியுமா?

சனிக்கிழமை வண்டியில் வந்துவிடு. நீ இல்லாமல் கஞ்சி இறங்கவில்லை.

உன் டோபியாஸ்

ஈலி, அக்டோபர் 11

அன்புள்ள கணவருக்கு,

கோபமில்லை. கோடையிலிருந்தே என் நாக்கடியில் ஒரு கட்டி. துணியில் ஓர் இழை விட்டுப்போனாலும் விரலால் தடவியே கண்டுபிடிப்பீர்கள். எதிரே உட்கார்ந்தவள் ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்க்கவில்லை. கிறிஸ்துமசுக்குள் பேச்சு போய்விடும் என்கிறார் வைத்தியர், பிறகு நானும். அதனால்தான் அன்று யாரும் கேட்காமலே பாட உட்கார்ந்தேன். மூன்றாவது சரணம் உங்களுக்கென்று வைத்திருந்தேன். சிரிப்பில் நின்றுபோயிற்று.

வண்டி வேண்டாம். நான் பேசுவது இப்போது தங்கைக்கே புரிவதில்லை. நீங்கள் "என்ன, என்ன" என்று கேட்பதை என்னால் தாங்க முடியாது.

லெட்டிஸ்

நாரிச், நவம்பர் 20

லெட்டிஸ்,

மூன்று தடவை வந்தேன். "அக்கா வேணாம்னு தலைய ஆட்டுறா, அத்தான். போயிடுங்க" என்று சன்னல் வழியே உன் தங்கை சொன்னாள்.

நேற்று அந்தப் பாட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்தேன். எதிரெதிரே உட்காருகிறவர்களுக்காக அச்சிட்ட பக்கம். என் பக்கம் வெறும் சுரங்கள். வார்த்தைகள் எல்லாம் உன் பக்கம், எனக்குத் தலைகீழாக. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக எழுந்துபோய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாவது சரணத்தைச் சத்தமாகப் படித்தேன். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. பேக்ரேவுக்குக்கூடப் புரிந்திருக்கும். பாட்டுதான் வரவில்லை.

வார்த்தை வேண்டாம், லெட்டிஸ். முனகினாலும் போதும். வியாழக்கிழமை வருகிறேன்.

டோபியாஸ்

ஈலி, வியாழன். கதவு திறக்கவில்லை; இதை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். உள்ளே லூட் கேட்டது. அதே மெட்டு, மூன்று சுற்று, குரல் இல்லை. மூன்றாவது சுற்றில் நான் வாசலில் நின்று வார்த்தைகளைச் சொன்னேன். தொண்டை அடைத்துக்கொண்டது. உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.