திறந்திருந்த கேட்

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

நம் பழைய சுற்றுப் பாதையில் இன்று தனியாக நடந்தேன். மலைவெளி முழுக்க ஹீதர் செடிகள் ஊதாவாகப் பூத்துக் கிடக்கின்றன. உச்சியில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடித்துவிட்டு, ஆற்றோரமாகத் திரும்பினேன். மழை வரவில்லை, முழங்காலும் அடம்பிடிக்கவில்லை. யார்க்ஷயரில் இதைவிட என்ன வேண்டும்!

ஆற்றுக்குப் போகும் வழியில் கேட் திறந்து கிடந்தது. வழக்கம்போல இழுத்துச் சாத்தினேன். பண்ணைக்காரி வினிஃப்ரெட் மேட்டிலிருந்தே கத்தினாள்: "ஏம்மா, திறந்திருந்ததை எதுக்குச் சாத்துறே? என் ஆடுங்க தண்ணி குடிக்க வேணாமா? கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

திறந்து விட்டேன். ஆடுகள் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு ஓடின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கேட்டைச் சாத்தாமல் வந்தாய் என்று, நடைக்குழு மொத்தத்துக்கும் முன்னால் உன்னைப் பொறுப்பில்லாதவள் என்றேன். "திறந்துதான் இருந்துச்சு" என்று ஒரே தடவை சொன்னாய். அதற்குப் பிறகு நீ எங்களோடு நடக்க வரவே இல்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பாலத்தடியில் இருப்பேன். இஞ்சி கேக் கொண்டு வருகிறேன். கேட் எல்லாம் உன் பொறுப்பு.

இப்படிக்கு,
கேட்டைச் சாத்தியவள்