பச்சையம்மாவின் கல்லை அறுத்துவிட்டார்கள்

என் பிரியமுள்ள ஜமால் மச்சானுக்கு,

நீ ஊரை விட்டுப் போன பிறகு உன் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. காலேஜ் ஆட்கள் கல் தேடி வந்தால் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். லப்பைக்குடிக்காட்டு ஜமால் பாயோடு வேனில் சுற்றியவன், எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. எனக்குத் தெரிந்தது குன்னத்தில் எந்தக் கடை டீ நன்றாக இருக்கும் என்பதுதான். அங்கேயும் மாஸ்டர் மாறிவிட்டார், வாயில் வைக்க முடியவில்லை. அதை விடு.

பச்சையம்மா அண்ணி ஞாபகம் இருக்கிறாளா? கிணறு வெட்டும்போது அவள் புருஷனுக்கு ஒரு கல் கிடைத்ததே, ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்டு. மாட்டுக்கொட்டகை வாசலில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசுவாள். அண்ணன் போன பிறகு, மாட்டுக்குச் சீக்கு என்றாலும் மகன் போன் செய்யவில்லை என்றாலும் அந்தக் கல்லிடம்தான் சொல்வாள்.

போன வாரம் வந்த காலேஜ் மேடம் அதைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை.

"இது பல கோடி வருசத்துக்கு முன்னாடி கடல்ல வாழ்ந்து கல்லாப் போன உயிர்ங்க ஐயா. நாலு நாள் குடுங்க, ஆராய்ச்சி பண்ணிட்டுத் தரேன்."

அண்ணி என்னைப் பார்த்தாள். "ஜமாலு பாய் கூட்டியார ஆளுங்களா?"

"அந்த வழியா வந்தவங்கதான் அண்ணி."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போவட்டும். வெள்ளிக்கெழம வந்துரணும். இல்லாட்டி அந்த எடத்துல ஒன்ன உக்கார வச்சு மஞ்சள் பூசுவேன்."

சிரித்தோம். நேற்று மேடம் போன் செய்தார். கல்லை இரண்டாக அறுத்தாயிற்றாம். "உள்ள அறை அறையா இருக்குங்க ஐயா, கண்ணாடி மாதிரி மின்னுது" என்கிறார், அவ்வளவு சந்தோஷமாக. அறுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாமியை யாராவது அறுப்பார்களா? அறுப்போம் என்று அவரும் சொல்லவில்லை. கல்லை அறுக்காமல் எப்படிப் படிப்பார்கள்? எல்லோரும் பேசியது தமிழ்தான், மச்சான்.

நீயாக இருந்தால் முதலில் வீட்டுக்காரரிடம், "இது கும்புடுற கல்லா, சும்மா கல்லா?" என்று கேட்டிருப்பாய். அப்புறம் காலேஜ்காரரிடம், "இத என்ன பண்ணப் போறீங்க?" சவூதியில் அரபிக்காரனுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பேச்சை மொழிபெயர்த்து நின்றதைவிட இங்கே நிற்பதுதான் கஷ்டம் என்பாய். பீற்றிக்கொள்கிறாய் என்று நினைத்தேன்.

அது அண்ணி கும்பிடும் சாமி என்று சொன்னதும் மேடம் அழுதுவிட்டார். "ஒட்டிக் குடுத்துடறேங்க ஐயா. மஞ்சள் பூசுனா கோடு தெரியாது."

நானும் சரி என்றுவிட்டேன். ராத்திரிதான் உறைத்தது. அண்ணிக்குத் தெரியாமலே போனால், வாரா வாரம் அந்தப் பொய்யிடம் அல்லவா மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள்? தெரிந்துபோனால், உன் பெயரைச் சொல்லி இனி யார் வாசலில் நிற்பேன்?

இன்று காலை மேடத்துக்குப் போன் போட்டேன். "ஒட்ட வேணாம்மா. ரெண்டு துண்டையும் எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"திட்டுவாங்க."

"நீங்க கூட இருப்பீங்களா ஐயா?"

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணி திட்டி முடிக்கும்வரை மேடத்தை வண்டி ஏற விடமாட்டேன். மேடம் அந்த அறைகளைக் காட்டி முடிக்கும்வரை அண்ணியை வீட்டுக்குள் போக விடமாட்டேன். அப்புறம் என் முகத்தில் யார் முழித்தாலும் சரி, முழிக்காவிட்டாலும் சரி. இது உனக்குச் செய்து கொடுக்கும் சத்தியம்.

பயந்துகொண்டே நடுவில் நிற்கப் போகும்
உன் மச்சான்
கோவிந்தசாமி